காற்றில் புளிக்கும் பியர்: பிரசல்ஸ் நகரத்துக் கான்டியோன் ஆலை

அரிசியும் உளுந்தும் அரைத்துக் கலந்த மாவை இரவில் மூடி வைக்கிறோம். விடிந்து பார்த்தால் மாவு பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. அதில் ஈஸ்ட் இட்டவர் எவருமில்லை. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிவந்த நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. தென்னம்பாளையில் வடியும் இனிய சாறு கலயத்தில் விழுந்த சில மணி நேரத்தில் கள்ளாகி விடுவதும் இவ்வாறே. நமக்கு இவை நாள்தோறும் காணும் செய்திகள், வியப்புக்குரியவை அல்ல. ஆனால் ஐரோப்பாவின் பியர்த் தொழிலில், தானே வந்து சேரும் நுண்ணுயிரை நம்பிப் புளிக்க வைக்கும் முறை ஏறத்தாழ மறைந்தே போயிற்று. அது மரபு அறாமல் எஞ்சியிருப்பது பெல்ஜிய நாட்டில், பிரசல்ஸ் நகரிலும் அதனையொட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுமே ஆகும். அந்நகரில் அம்முறையைக் கைவிடாது காத்துவந்த சிறு ஆலை கான்டியோன் என்பது. 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அவ்வாலை இன்றும் அக்குடும்பத்தார் கையிலேயே உள்ளது.

மதுவின் நன்மை தீமை ஈண்டுப் பேசப்படும் பொருளன்று. தோட்டப்புறக் கள்ளுக்கடைகளால் நம்மவர் குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இத்துறை பற்றிய எழுத்தே கசக்கவும் கூடும். எனினும் ஒரு கைத்தொழில் எவ்வாறு நடைபெறுகிறது, எதனால் நிலைக்கிறது, எதனால் நலிகிறது என்று அறிவது குடித்தல் ஆகாது.

முளையும் கூழும்

எந்தப் பியருக்கும் முதற்பொருள் முளையே. வாற்கோதுமையை, அதாவது பார்லியை, நீரில் நனைத்து முளைவிடச் செய்து, முளை நீளுமுன் உலர்த்தி விடுவர். விதையானது தன் முளைக்கு உணவாகும்பொருட்டு, தன்னுள் இருக்கும் மாவைச் சர்க்கரையாக மாற்றவல்ல நொதிப்பொருள்களைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. மனிதன் அவ்வேளை பார்த்துக் குறுக்கே புகுந்து அவற்றைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக் கொள்கிறான். முளையரிசி வித்தை தமிழ்நூல் பயின்றார்க்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதியில், அரிசிக்கூழை அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, அதில் ‘நல்லடை’ கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய வைத்து மது எடுத்த முறை சொல்லப்படுகிறது. நல்லடை என்பது முளையைக் குறிப்பதாக உரையாசிரியர் கொள்வர். வேறு வேறு நிலங்களில், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் ஒரே வழியைக் கண்டிருக்கின்றனர்.

முளைத்த தானியத்தை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான கஞ்சி கிடைக்கும். அதனை வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறியபின் ஈஸ்ட் இட்டால் பியராகும். இங்கேதான் 19ஆம் நூற்றாண்டின் அறிவியல் குறுக்கிட்டது. பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1876ஆம் ஆண்டில் பியரைப் பற்றித் தாம் செய்த ஆராய்ச்சிகளை நூலாக வெளியிட்டார். பியர் கெடுவதற்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிர்கள் புகுவதே என்பதை அந்நூல் விளக்கிற்று. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பார், ஒரேயோர் ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டைப் பெருக்கும் வழியைக் கண்டார். அதன்பின் உலகெங்கும் பியர் ஆலைகளின் நோக்கம் ஒன்றாயிற்று: தேர்ந்தெடுத்த ஈஸ்ட் ஒன்றைத் தவிர வேறெதுவும் உள்ளே வரலாகாது. கலங்கள் மூடப்பட்டன, குழாய்கள் கழுவப்பட்டன, காற்று வடிகட்டப்பட்டது. எந்த ஊரில் எந்த மாதத்தில் காய்ச்சினாலும் ஒரே சுவை கிடைக்கலாயிற்று. இதனைக் குறை கூறுவதற்கில்லை. கெட்டுப்போன பியரைச் சாக்கடையில் கொட்டி நட்டப்பட்ட தொழிலாளிக்கு அது பெரும் பேறு.

கான்டியோன் ஆலை அக்கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

மொட்டைமாடித் தொட்டி

பிரசல்ஸின் தெற்குப் புகைவண்டி நிலையத்திலிருந்து நடந்தே சென்றடையலாம் அண்டர்லெக்ட் என்னும் பகுதியை. அங்கே வெளிப்பார்வைக்குப் பழைய சரக்குக் கிடங்குபோல் தோன்றும் கட்டடமே கான்டியோன் ஆலை. ஒருமுறை காய்ச்சுவதற்கு 1,300 கிலோ தானியம் எடுத்துக் கொள்கின்றனர். அதில் நூற்றுக்கு 65 பங்கு முளைத்த பார்லி. 35 பங்கு முளைவிடாத பச்சைக் கோதுமை. இதிலிருந்து ஏறத்தாழ 10,000 லிட்டர் கஞ்சிநீர் வடிகிறது. மூன்று நான்கு மணி நேரம் கொதித்துச் சுண்டியபின் எஞ்சுவது 7,500 லிட்டர் அளவே.

பச்சைக் கோதுமை சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சாதாரண ஆலைகள் கஞ்சியிலுள்ள மாவு முழுவதும் எளிய சர்க்கரையாக மாறவேண்டும் என்று பார்க்கும். இங்கே அவ்வாறு மாறாத கடினமான மாவுப்பொருளும் கஞ்சிநீரில் தங்கும்படி வேண்டுமென்றே செய்கின்றனர். இந்தப் பியர் மூன்று நாளில் புளித்து முடிவதன்று. மூன்று ஆண்டு புளிப்பது. கடைசியில் வரும் உயிர்களுக்கும் உணவு மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? ஹாப்ஸ் பூவிலும் இதேபோன்ற முன்னறிவு காணப்படுகிறது. புதுப்பூவை விரும்பி வாங்குவது பியர்த் தொழிலின் பொது வழக்கம். கான்டியோனார் மூன்றாண்டு பழைய, உலர்ந்து கசப்பு நீங்கிய பூவையே பயன்படுத்துகின்றனர். அதன் கசப்பு போயினும், சில பாக்டீரியாக்களை அடக்கிவைக்கும் ஆற்றல் அதில் எஞ்சி நிற்கிறது. கசப்பு வேண்டாம், காவல் வேண்டும் என்பதே கணக்கு.

கொதித்த நீரை உடனே கூரையடியில் உள்ள மேல்மாடத்துக்கு ஏற்றுவர். அங்கே செம்பினாலான அகன்ற, ஆழமற்ற தொட்டி ஒன்று அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. கூரையிலும் சுவரிலும் உள்ள திறப்புகள் வழியாகக் குளிர்காற்று புகுந்து தொட்டியின்மேல் தவழும். ஆவி எழும்பி மரச்சட்டங்களில் படியும். விடிவதற்குள் நீர் 18 முதல் 20 சென்டிகிரேடு பாகை வரை ஆறிவிட வேண்டும். அவ்வொரு இரவில்தான் அந்நீர் உயிர் பெறுகிறது. காலையில் அதனைக் கீழே இறக்கி, ஓக் மரத்தாலும் கஷ்கொட்டை மரத்தாலும் செய்த பீப்பாய்களில் நிரப்புவர். ஈஸ்ட் ஒரு துளியும் சேர்ப்பதில்லை.

இவ்வாறு புளித்த பியருக்கு லாம்பிக் என்று பெயர். பிரசல்ஸுக்குத் தெற்கேயுள்ள லெம்பேக் என்னும் ஊர்ப்பெயரிலிருந்து இச்சொல் பிறந்திருக்கலாம் என்பர். கான்டியோன் குடும்பத்தின் மூதாதையும் அவ்வூரில் பியர் காய்ச்சியவரே.

பந்தி பந்தியாய்

பீப்பாய்க்குள் நடைபெறுவதை ஒரு திருமண வீட்டுப் பந்திக்கு ஒப்பிடலாம். முதற்பந்தியில் அமர்பவை குடல் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை. இவை ஏறத்தாழ ஒரு மாதம் ஆர்ப்பரித்துவிட்டு, புளிப்பும் மதுவும் ஏற ஏற மாய்ந்து போகின்றன. அடுத்து வருவது நாம் ரொட்டியில் காணும் ஈஸ்ட் இனம். இதுதான் எளிய சர்க்கரையை உண்டு மதுவாக மாற்றுகிறது. பீப்பாயின் வாய் வழியே வெண்ணுரை பொங்கி வழிவது தொடக்க நாட்களின் காட்சி. அப்போது வாயை அடைத்தால் பீப்பாய் வெடித்துவிடும். ஆரவாரம் அடங்கிய பிறகே அடைப்பர். மூன்றாம் பந்தி பெடியோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவுக்கு உரியது. தயிரில் உள்ள அதே புளிப்பு அமிலத்தை இது தருகிறது. சிற்சில சமயம் இதன் செய்கையால் பியர் நூல்போல் இழுபடும் கொழகொழப்பை அடைவதுண்டு. இத்தொழிலில் புதியவர் அதனைக் கண்டு கெட்டது என்று கொட்டிவிடுவர், பழகியவர் பொறுத்திருப்பர்.

பொறுத்திருப்பதற்குக் காரணம் கடைசிப் பந்திக்காரரான பிரெட்டனோமைசஸ் என்னும் ஈஸ்ட். இது மெல்லத் தலையெடுப்பது; எட்டு மாதம் சென்றே வலுப்பெறும். முன்வந்தவர் தின்னாது விட்ட கடின மாவுப்பொருளையும் இது தின்னும், கொழகொழப்பையும் தீர்த்துவிடும், பழைய தோல், உலர்ந்த வைக்கோல், பழத்தோல் ஆகியவற்றை நினைவூட்டும் ஒரு மணத்தையும் ஏற்றும். இதன் பெயர் வரலாறு சுவையானது. கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கிளாசன் என்பார் 1904இல் இங்கிலாந்துப் பியரிலிருந்து இதனைக் கண்டறிந்ததால், ‘பிரித்தானியக் காளான்’ என்னும் பொருள்பட இனப்பெயர் இட்டார். பின்னர் பெல்ஜியத்து லாம்பிக்கிலிருந்து கண்டறிந்த வகைக்கு பிரசல்ஸ் நகரின் பெயரே அடைமொழியாய் அமைந்தது. ஒரே உயிரின் பெயரில் இரண்டு நாடுகள் இடம் பிடித்துக் கொண்டன! உலகின் பல பாகங்களில் திராட்சை மது செய்வோர் இதனைத் தம் பீப்பாய்களுக்கு வந்த பீடையென்று அஞ்சுகின்றனர். ஒரு வீட்டில் விருந்தாளி, மற்றொரு வீட்டில் திருடன்.

இப்பந்தி வரிசையை லூவன் பல்கலைக்கழகத்தார் 1970களிலேயே ஆராய்ந்து எழுதினர். கான்டியோன் பீப்பாய்களிலிருந்தே மாதிரி எடுத்து, மரபணு முறையால் செய்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்து அதனைப் பெரும்பாலும் உறுதி செய்தது.

சிலந்தியைக் கொல்லாதே

காற்றிலிருந்து மட்டுமே நுண்ணுயிர் வருகிறதென்று ஆலையைப் பார்க்க வருவோர் எண்ணுவதுண்டு. அது பாதி உண்மையே. பீப்பாய் மரத்தின் நுண்துளைகளிலும் அவ்வுயிர்கள் குடியிருக்கின்றன என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பல்லாண்டு ஆவி படிந்த பழைய கட்டடமும் அவற்றின் குடியிருப்பே என்று இத்தொழிலார் நம்புகின்றனர். ஆகவே இக்கட்டடத்தைத் துடைத்து வெள்ளையடித்துப் புதுக்குவது நன்மையன்று. புளிப்பு மணத்தை நாடிவரும் பழ ஈக்கள் பியரைக் காடியாக மாற்றும் பாக்டீரியாவைச் சுமந்து வருவன. அவற்றுக்கு மருந்து அடித்தால் பியருக்கும் கேடு. எனவே சிலந்திகளைக் காவலாக விட்டிருக்கின்றனர். பீப்பாய்களின்மேல் தொங்கும் வலைகளை எவரும் கலைப்பதில்லை. அங்கே சிலந்தியைக் கொல்வது குற்றம்போல் கருதப்படுகிறது.

இதைக் கேட்டு, ‘அழுக்கும் ஒட்டடையும் இருந்தால் போதும், பியர் தானே வந்துவிடும்’ என்று எவரேனும் முடிவு கட்டினால் அது தவறு. பீப்பாயை ஒவ்வொரு முறையும் வெந்நீராலும் ஆவியாலும் தூய்மை செய்கின்றனர். ‘காட்டுப் புளிப்பு’ என்று இதற்குப் பலர் பெயர் வைக்கின்றனர். அப்பெயர் பொருந்துவதாகத் தெரியவில்லை. எதை விடுவது, எதைத் தொடாதிருப்பது, எப்போது காத்திருப்பது என்ற ஒழுங்கு இங்கே மற்ற ஆலைகளைவிடக் கடுமையானது.

கலவையும் பழமும்

பீப்பாயில் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு கிடந்த லாம்பிக்கில் நுரை இராது. சாராயக்கடைப் பியரைப் பழகியவர் அதைப் பியரென்றே ஒப்புக்கொள்ளார். மூன்றாண்டுப் பழமையுடைய லாம்பிக்கை எதனோடும் கலவாமல் அடைத்து விற்பதற்குக் கான்டியோனார் ‘புரூவோக்செல்லா’ என்று பெயரிட்டனர். பிரசல்ஸ் நகரின் பழம்பெயர் அது. சதுப்புநிலத்துக் குடியிருப்பு என்பது பொருள். அச்சதுப்புக்குக் காரணமான சென் ஆற்றை நகரத்தார் 1867ஆம் ஆண்டு தொடங்கிக் கல்வளைவுகளால் மூடிவிட்டனர். இன்று நகர நடுவே நிற்பவருக்கு அங்கே ஓர் ஆறு உண்டென்பதே தெரியாது.

ஆலையின் முதன்மைச் சரக்கு கெஸ் என்பது. மூன்று வயதுடைய லாம்பிக்குகளையும் கலந்து தடித்த ஷாம்பேன் புட்டியில் அடைத்துத் தக்கையிட்டுப் படுக்க வைப்பர். ஓராண்டு லாம்பிக்கில் எஞ்சியுள்ள சர்க்கரையை மூவாண்டு லாம்பிக்கில் உள்ள ஈஸ்ட் உண்டு, புட்டிக்குள்ளேயே நுரையை உண்டாக்குகிறது. இளையது உணவு தருகிறது. மூத்தது சுவை தருகிறது. மதுவின் அளவு நூற்றுக்கு ஐந்தையொட்டியே நிற்கும். இக்கலவைக்கு எழுதிவைத்த அளவு கிடையாது. ஒரு பீப்பாய்போல் இன்னொன்று அமையாதலால், கலப்பவர் ஒவ்வொன்றாகச் சுவைத்தே முடிவு செய்ய வேண்டும். மரவழியாக ஆவியாகிப் போகும் பங்கும் ஆண்டுதோறும் உண்டு. அதனை இழப்பென்று எழுதிக்கொண்டு இருந்துவிட வேண்டியதுதான்.

கிரிக் என்பது புளிச்செர்ரிப் பழத்துக்கான பிளெமிஷ் மொழிச் சொல். லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் வீதம் அப்பழத்தை லாம்பிக் பீப்பாயில் இட்டுச் சில மாதம் வைத்தால் செந்நிறமான கிரிக் பியர் கிடைக்கும். பழத்தின் இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடுவதால் நிறமும் மணமும் புளிப்புமே மிஞ்சும். பிரசல்ஸைச் சேர்ந்த ஸ்கார்பேக் பகுதியில் ஒருகாலத்தில் இப்பழத்தோட்டங்கள் நிறைந்திருந்தன. கழுதைமேல் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தமையால் அப்பகுதிக்குக் கழுதைநகர் என்றே பட்டப்பெயர் வந்தது. தோட்டங்கள் வீடுகளாயின. பட்டப்பெயர் இருக்கிறது, பழம் போதிய அளவு கிடைப்பதில்லை. ராஸ்பெரி, ஆப்ரிகாட், திராட்சை ஆகியவற்றைக் கொண்டும் கான்டியோனார் பியர் செய்கின்றனர்.

நூறில் ஒன்று

1900இல் பால் கான்டியோன் இதனைத் தொடங்கியபோது பிரசல்ஸில் நூற்றுக்கு மேற்பட்ட பியர் ஆலைகள் இருந்தன. அவரும் முதலில் காய்ச்சியவரல்லர். பிறரிடம் லாம்பிக் வாங்கிக் கலந்து விற்பதே அவர் தொழில். 1930களின் இறுதியில்தான் அவர் மக்கள் மற்றோர் ஆலையின் பழைய கருவிகளை வாங்கிக் காய்ச்சத் தொடங்கினர். உடனே இரண்டாம் உலகப்போர் வந்து தானியத்தைப் பறித்துக் கொண்டது. போருக்குப் பின் மகன் மார்செல் ஆலையை மீட்டார். 1958ஆம் ஆண்டு பிரசல்ஸ் உலகப் பொருட்காட்சியை ஒட்டி வாணிகம் செழித்தது. அதன்பின் இறங்குமுகம். மக்கள் இனிப்புப் பானங்களுக்கும், எங்கும் ஒரே சுவையுடைய மஞ்சள்நிறப் பியருக்கும் பழகிவிட்டனர். இனிப்பூட்டியும் வடிகட்டியும் விற்கலாயின சில ஆலைகள். மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

மார்செலின் மருமகன் ஜான் பியேர் வான் ரோய் வேறொரு வழி கண்டார். 1978இல் ஆலையை அப்படியே பொதுமக்கள் காணும் அரும்பொருளகமாகவும் திறந்து வைத்தார். வருவோர் கட்டணம் கொடுத்து, ஓடும் ஆலையைச் சுற்றிப் பார்த்து, ஒரு கிண்ணம் சுவைத்துச் செல்லலாம். பழமை என்பதற்காகவே மற்றவர் தூக்கியெறிந்த பொறிகள் இவருக்குக் காட்சிப்பொருளாகவும் வருவாயாகவும் ஆயின. 1997இல் ‘பழைய கெஸ்’, ‘பழைய கிரிக்’ என்னும் பெயர்களை மரபு முறையில் செய்தவற்றுக்கே இடவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் காப்பு அளித்தது. 1999 முதல் கான்டியோன் ஆலை இரசாயன உரமின்றி விளைந்த தானியத்துக்கு மாறியது. ஜான் பியேரின் மகன் ஜான் காலத்தில் நிலை தலைகீழாயிற்று. வாங்குவாரின்றி நின்ற புட்டியை இன்று அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தேடித் திரிகின்றனர். இடைத்தரகர் பன்மடங்கு விலைக்கு விற்கின்றனர். 2010இல் வேறு புதிய ஆலைகள் நகரில் தோன்றும்வரை, அந்த நூற்றில் எஞ்சிய ஒரே ஆலை இதுவே.

ஆறாத இரவுகள்

விருப்பம் பெருகியும் ஆலையார் வேண்டிய அளவு காய்ச்ச இயலவில்லை. தடுப்பது பணமன்று, இரவு. கோடையில் காற்றில் வேண்டாத உயிர்கள் மிகும். தொட்டியும் விடிவதற்குள் ஆறாது. ஆதலின் அக்டோபர் இறுதி தொடங்கி ஏப்ரல் தொடக்கம் வரையே காய்ச்சுவது வழக்கம். இரவின் குளிர் 8 பாகைக்குக் கீழே இறங்க வேண்டும். பனி மிகக் கடுமையாயினும் ஆகாது. தம் பாட்டனார் அக்டோபர் நடுவிலிருந்து மே மாதம் வரை காய்ச்சியதுண்டு என்றும், தமக்கு அப்பேறு ஒருமுறையும் வாய்த்ததில்லை என்றும் ஜான் வான் ரோய் 2015இல் செய்தியாளரிடம் கூறினார். அவ்வாண்டு நவம்பரில் இரவுகள் வெதுவெதுப்பாயிருந்தமையால் தொடங்கிய வேலையையே நிறுத்த நேர்ந்தது. வானிலைக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 165 நாட்களாக இருந்த ஏற்ற நாட்கள் இப்போது 140 அளவுக்குக் குறைந்துள்ளன என்று கணக்கிட்டனர்.

25 நாள் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். நாளைக் குறித்து முன்கூட்டியே ஆளையும் தானியத்தையும் ஆயத்தம் செய்யும் சிறு தொழிலுக்கு, குறைவைவிட ஐயமே பெருந்தொல்லை. இழப்பு உடனே தெரிவதும் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் நழுவிய ஓர் இரவு மூன்றாண்டு கழித்துத்தான், கலப்பவர் மூவாண்டு லாம்பிக்கைத் தேடும்போது, வெற்றுப் பீப்பாயாக வந்து நிற்கும். இயந்திரக் குளிர்விப்பான் வைத்தால் சில நிமிடத்தில் ஆற்றிவிடலாமே எனின், ஆற்றலாம்; ஆனால் காற்று தொட்டியில் தவழ்ந்து செல்லும் அந்த நீண்ட இரவு போய்விடும். பின்பு ஈஸ்ட்டைப் புட்டியிலிருந்து ஊற்ற வேண்டியதுதான். அதற்குக் கான்டியோன் எதற்கு?

ஆகவே அடுப்பு மூட்டுவதற்குமுன் அவர்கள் பார்ப்பது வானிலை அறிக்கையை. இரவு ஆறும் என்று தெரிந்த பின்னரே தானியம் அரைவைக்குப் போகிறது.